தண்ணியெல்லாம் எடுத்துட்டோமே மேடம்

கொஞ்சம் நீளமான இழை. ரெண்டு மாசமா டிராஃப்ட்லயே கெடந்துச்சு. கட்டுமரம், கலங்கரை விளக்கம், திமிங்கலம்னு எங்கெங்கயோ போகும். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. ஆனா ஆரம்பம் கடல்ல இல்ல, ஒரு கல்குவாரியில.

ஞாயித்துக்கிழமை. கேஷுவாலிட்டி ட்யூட்டி. எங்க ஏரியா தெரியும்ல, ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பெல்ட். வாரநாள்னா மெஷின்ல விரல் மாட்டினது, பைக் ஆக்சிடென்ட், ஷிஃப்ட் முடிஞ்சு சாப்பிடாம மயங்கினது. ஞாயித்துக்கிழமைன்னா கணக்கே வேற. வாரம் ஒரு நாள் லீவு, பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர், மே மாச வெயில். பசங்க எங்க போவாங்க? தண்ணி இருக்கிற இடத்துக்குத்தான்.

மதியம் மூணு மணி இருக்கும். லோடு ஆட்டோவுல ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. 22 வயசு, ஒடிசா. கூட வந்த நாலு பேரும் இடுப்புக்குக் கீழ நனைஞ்சு, உடம்பெல்லாம் சேறு. கல்லு வெட்டி கைவிட்ட குவாரியில குளிக்கப் போயிருக்காங்க. மேல இருந்து பாத்தா நீலமா அழகா இருக்கும். ரெண்டு அடி எடுத்து வெச்சா கால் எட்டும், மூணாவது அடியில நாப்பது அடி ஆழம்.

பல்ஸ் இல்ல. பியூப்பில் ரெண்டும் விரிஞ்சு நின்னுடுச்சு. நாங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சோம். டியூப் போட்டோம், மாத்தி மாத்தி நெஞ்சை அழுத்தினோம், அட்ரினலின் குடுத்தோம். மானிட்டர்ல கோடு அப்படியே நேரா போச்சு.

வெளியே வந்து எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில சொன்னேன். மூணு பேர் அழுதாங்க. நாலாவது பையன் அழல. என்னையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் கேட்டான்: "தண்ணியெல்லாம் எடுத்துட்டோமே மேடம்?"

விசாரிச்சேன். பத்து நிமிஷத்துக்குள்ள ஆளை வெளிய இழுத்துப் போட்டிருக்காங்க. இழுத்தது இந்தப் பையன்தான். அப்புறம் வயித்தை அழுத்தியிருக்காங்க. நிறைய தண்ணி வந்திருக்கு. இன்னும் இருக்கும்னு காலைப் பிடிச்சுத் தலைகீழா தூக்கி ஆட்டியிருக்காங்க. அதுலயும் கொஞ்சம் வந்திருக்கு. போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு அஞ்சு நிமிஷம் தங்களுக்குள்ள சண்டை. அப்புறம் வண்டி தேடல். மொத்தத்துல அரை மணி நேரத்துக்கு மேல. அந்த அரை மணி நேரத்துல ஒருத்தர்கூட அவன் வாயில காத்து ஊதல, நெஞ்சை அழுத்தல.

அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரல. அவங்களுக்குத் தெரிஞ்ச முதலுதவியை உயிரைக் குடுத்து செஞ்சிருக்காங்க. தப்பான முதலுதவி, அவ்வளவுதான்.

வயித்தை அழுத்தினா வர்ற தண்ணி வயித்துல இருக்கிற தண்ணி. முங்கறவன் மூச்சு முட்டி குடம் குடமா முழுங்குறான், அது. நுரையீரலுக்குள்ள போறது நாம நினைக்கிற அளவு இல்ல, அதைக் கவுத்து வெளிய ஊத்தவும் முடியாது. அவனைக் கொல்றது தண்ணி இருக்கிறது இல்ல, ஆக்சிஜன் இல்லாதது. மூளை நாலு அஞ்சு நிமிஷம்தான் தாங்கும். வயித்தை அழுத்தினா வயித்துல இருக்கிற சோறும் ஆசிடும் மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். கூடவே பொன்னான நிமிஷங்கள் போகும்.

அந்தக் கேள்வி மண்டையில சுத்திட்டே இருந்துச்சு. தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, அது 250 வருஷப் பழைய கேள்வி. அன்னிக்கு அதைக் கேட்டவங்க டாக்டருங்க.

1767ல ஆம்ஸ்டர்டாம்ல தண்ணியில முங்கினவங்களைப் பிழைக்க வைக்கன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஊரெல்லாம் கால்வாய், தடுக்கி விழுந்தா தண்ணி. 1774ல லண்டன்லயும் ரெண்டு டாக்டருங்க, வில்லியம் ஹாவ்ஸ், தாமஸ் கோகன், அதே மாதிரி ஒண்ணு தொடங்கினாங்க. அதுதான் பின்னாடி ராயல் ஹியூமேன் சொசைட்டி ஆச்சு. அந்தக் காலத்து வைத்தியத்தைக் கேட்டா சிரிப்பீங்க. பீப்பாய் மேல குப்புறப் போட்டு உருட்டுறது. குதிரை மேல போட்டு ஓட்டுறது. தலைகீழாத் தொங்க விடுறது. இதுக்கெல்லாம் மேல, ஆசனவாய் வழியா புகையிலைப் புகை ஊதுறது! ஜோக் இல்ல. அதுக்குன்னு துருத்தியும் குழாயும் வெச்ச பெட்டிகள் தேம்ஸ் நதிக்கரையில தயாரா இருந்துச்சு. புகையிலை இதயத்துக்கு விஷம்னு 1811ல பெஞ்சமின் பிராடி காட்டின பிறகுதான் அது வழக்கொழிஞ்சுது.

தலைகீழா ஆட்டுறது மட்டும் ஒரகடம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஆஃப் கிடைச்சுது. சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா பையனைக் கூட்டிட்டு மாமல்லபுரம் போனேன். எங்க பெல்ட் பசங்களுக்கும் கொஞ்சம் காசு சேர்ந்தா குவாரிக்கு அடுத்த இடம் அதுதான். லைட் ஹவுஸ் மேல ஏறினோம். இப்ப இருக்கிற கல் கோபுரம் 1904ல வந்தது. அதுக்கு முன்னாடி, 1887ல இருந்து, பக்கத்துல மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேல பாறையில நிக்குதே, அந்தப் பல்லவர் கோயில் மேலயே விளக்கு வெச்சிருந்தாங்க. ஏழாம் நூற்றாண்டு, எட்டாம் நூற்றாண்டுக் கோயில் மேல வெள்ளைக்காரன் விளக்கு.

"கரண்ட் இல்லாதப்போ எப்படிம்மா எரிஞ்சுது?"ன்னு பையன் கேட்டான். நாலாவது படிக்கிறான்.

எண்ணெய்டா. மெட்ராஸ்ல முதல் கலங்கரை விளக்கம் 1796ல கோட்டைக்குள்ள, இப்ப மியூசியமா இருக்கிற கட்டடத்து மாடியில. எரிஞ்சது நம்ம தேங்காய் எண்ணெய். ஐரோப்பா, அமெரிக்காவுல பல விளக்குகள் எரிஞ்சது திமிங்கல எண்ணெயில. அதுலயும் எண்ணெய்த் திமிங்கலத்தோட எண்ணெய்க்குத்தான் மவுசு. புகை கம்மி, வெளிச்சம் பளிச்னு இருக்கும். நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்ட் மாதிரி ஊர்களே அந்த வேட்டையில பணக்கார ஊரா ஆச்சு. கப்பல் பாறையில மோதாம இருக்க ஒரு விளக்கு, அந்த விளக்கு எரிய நடுக்கடல்ல ஒரு உயிர், அந்த உயிரைப் பிடிக்கப் போய் படகு கவுந்து செத்தவங்க எத்தனையோ. விலை ஏறினதும் 1850, 60கள்ல வேற எண்ணெய்க்கும், பின்னாடி மண்ணெண்ணெய்க்கும் மாறினாங்க.

இங்க ஒரு சின்ன டாக்டர் தகவல். அந்தத் திமிங்கலத் தலையில இருக்கிற மெழுகுல இருந்து 1817ல செவ்ரூல்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தார். அதுதான் சீட்டைல் ஆல்கஹால். சீட்டஸ்னா லத்தீன்ல திமிங்கலம். கூலன்ட் ஆயில் பட்டு கை வெடிச்சு வர்ற ஷாப் ஃப்ளோர் பசங்களுக்கு நான் எழுதுற க்ரீம்ல பெரும்பாலும் இந்தப் பேரு இருக்கும். பயப்படாதீங்க, இப்போ அது பாமாயில், தேங்காய் எண்ணெய்ல இருந்துதான் வருது. பேர்ல மட்டும் திமிங்கலம் நீந்துது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

மேல இருந்து பாக்கும்போது ஒண்ணு உறைச்சுது. கலங்கரை விளக்கம் கப்பலுக்குச் சொல்றது "இங்க கரை இருக்கு, சூதானமா போ". அவ்வளவுதான். கரைக்குப் பக்கத்துல, கடைசி நூறு அடியில முங்கறவனுக்கு அந்த விளக்குல ஒரு சேதியும் இல்ல. மெட்ராஸோட முழுக் கதையும் அந்தக் கடைசித் தண்ணியில நடந்த கதைதான்.

மெட்ராஸுக்கு ரொம்ப காலம் துறைமுகமே கிடையாது. 1875ல அடிக்கல் நாட்டி, கட்டின சுவரை 1881 நவம்பர் புயல் உடைச்சு, திரும்பக் கட்டினாங்க. அதுக்கு முன்னாடி இருநூறு வருஷத்துக்கு மேல கப்பல் எல்லாம் தள்ளி நடுத்தண்ணியில நங்கூரம் போட்டு நிக்கும். பெரிய புயல் வந்தா அங்கயும் பாதுகாப்பு இல்ல. 1746 அக்டோபர்ல, மெட்ராஸைப் பிடிச்ச கொஞ்ச நாள்லயே பிரெஞ்சுக்காரன் கப்பற்படையைப் புயல் அடிச்சு நொறுக்குச்சு. ஒரே ராத்திரியில ஆயிரத்துக்கும் மேல பேர் மூழ்கினாங்க.

சாதாரண நாள்லயே கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல வரிசை வரிசையா அலை. வெள்ளைக்காரன் படகு அதுல வந்தா ஆணி பிடுங்கி சிதறிடும். அதனால நம்ம ஆளுங்களோட மசூலா படகுதான். பலகையைக் கயிறால தைச்ச படகு, ஆணியே கிடையாது. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு குடுக்கும். ஆனாலும் கவுறும். அதுக்காகக் கூடவே கட்டுமரம் போகும். கவுந்தா தண்ணியில விழுந்தவங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டியது கட்டுமரக்காரர் வேலை.

கட்டுமரம்னா என்ன, மூணு நாலு மரத்தை ஒண்ணா கட்டினது. மேல அலை ஏறிப் போகும், ஆளைத் தூக்கி வீசும், நீந்தி வந்து திரும்ப ஏறிக்குவாங்க. அந்த வார்த்தையை வில்லியம் டாம்பியர்ங்கிற கடலோடி 1697லயே தன் புத்தகத்துல இங்கிலீஷ்ல எழுதிட்டார். கடல் கொந்தளிக்குது, படகு போகாதீங்கன்னு கரையில கொடி ஏத்தின நாள்லயும் கட்டுமரம் மட்டும் போகும். கப்பலுக்கு லெட்டர் கொண்டு போகணும்னா, நனையாத ஓலைத் தொப்பிக்குள்ள சொருகிட்டுப் போவாங்க. புயல்ல லெட்டர் கொண்டு போனதுக்கும், முங்கினவங்களைக் காப்பாத்தினதுக்கும் மெட்ராஸ் அரசாங்கம் அவங்களுக்கு மெடல் குடுத்திருக்கு.

இதே காலத்துல, 1838ல, இங்கிலாந்துல கிரேஸ் டார்லிங்னு ஒரு பொண்ணு. கலங்கரை விளக்கக் காவலரோட மகள், 22 வயசு. அப்பாவோட துடுப்புப் படகுல போய் உடைஞ்ச கப்பல்ல இருந்து ஆட்களை மீட்டாங்க. நாடே கொண்டாடி, ஓவியம், பாட்டுன்னு பிரபலம் ஆனாங்க. தகுதியான புகழ்தான், குறை சொல்லல. நம்ம ஆளுங்களுக்கு அது தினசரி வேலை. மெடல் மட்டும் வந்துச்சு, பேர் ஊர் வாயில நிலைக்கல.

நான் சொல்ல வந்தது இதுதான். உயிரைக் காப்பாத்துறதுல ரெண்டு பாதி இருக்கு. தண்ணியில இருந்து கரைக்குக் கொண்டு வர்றது ஒரு பாதி. கரையில கிடக்கிறவனுக்கு மூச்சைத் திருப்பித் தர்றது இன்னொரு பாதி. முதல் பாதியில நம்ம கட்டுமரக்காரங்க எவனுக்கும் சளைக்கல. ரெண்டாவது பாதி டாக்டருங்க வேலை. நாங்க ரொம்ப லேட்டு.

1858ல சில்வெஸ்டர் முறை: மல்லாக்கப் போட்டு ரெண்டு கையையும் தூக்கித் தூக்கி இறக்குறது. 1903ல ஷேஃபர் முறை: குப்புறப் போட்டு முதுகை அழுத்துறது. 1932ல ஹோல்கர் நீல்சன் முறை: ரெண்டையும் கலந்தது. பள்ளிக்கூடத்துல, சாரணர் படையில எல்லாம் இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. உங்க தாத்தா யாராவது "முதுகை அழுத்து"ன்னு சொன்னா, அவர் சும்மா சொல்லல, அவருக்குச் சொல்லிக் குடுத்தது அது. வாயோட வாய் வெச்சு ஊதுறதுதான் சரின்னு பீட்டர் சஃபார், ஜேம்ஸ் எலம் ரெண்டு பேரும் உறுதியாக் காட்டினது 1950கள் கடைசியில. நெஞ்சை வெளிய இருந்து அழுத்தினாலே ரத்தம் ஓடும்னு கூவன்ஹோவன் குழு எழுதினது 1960ல. எங்க அம்மா பொறந்த வருஷம். அவ்வளவு புதுசு இது.

அப்புறம் நம்ம சினிமா. ஹீரோ வயித்தை ஒரு அமுக்கு அமுக்குவார், ஹீரோயின் வாயில இருந்து ஃபவுன்டன் மாதிரி தண்ணி வரும், இருமிட்டு எழுந்து உக்காருவாங்க. 1960க்கு அப்புறம் வந்த படத்துலயும் இதே கதைதான். டைரக்டர்கள் யாராவது இதைப் படிச்சா, கையெடுத்துக் கும்பிடுறேன், அந்த சீனை மாத்துங்க.

லைட் ஹவுஸ்ல இருந்து இறங்கி கடற்கரைக்கு வந்தோம். படகுல சவாரி கூட்டிட்டுப் போற ஒரு அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்தேன். அறுபது வயசு இருக்கும். இதுவரைக்கும் எத்தனை பேரை இழுத்திருக்கீங்கன்னு கேட்டேன்.

"அதெல்லாம் எண்றது இல்லமா. சனி ஞாயிறுன்னா யாராச்சும் ஒருத்தன் போவான். முங்கறவன் கத்துவான்னு நெனைக்காதீங்க, சத்தமே வராது. தல மட்டும் மேல கீழ போகும், மூஞ்சி வானத்தப் பாக்கும். அதப் பாத்தா நான் எறங்கிடுவேன்."

இதை எங்க டெக்ஸ்ட்புக் நாலு பக்கத்துல சொல்லுது. அவர் நாலு வரியில சொல்லிட்டார்.

"இழுத்துப் போட்டதும் என்னண்ணே பண்ணுவீங்க?"

"வயித்த அமுக்கித் தண்ணிய எடுப்போம். சில பேரு பொழைப்பான். சில பேரு…" கையை விரிச்சார்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. அவங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து முதல் பாதியை இவ்வளவு சுத்தமா செய்யற மனுஷன். ரெண்டாவது பாதியை அவர்கிட்ட கொண்டு போய்ச் சேர்க்க யாரும் மெனக்கெடல. அது அவர் தப்பு இல்ல, எங்க தப்பு. அங்கயே மணல்ல உக்காந்து, படகுல இருந்த லைஃப் ஜாக்கெட்டையே பொம்மையா வெச்சு செஞ்சு காட்டினேன். ரெண்டே தடவையில பிடிச்சுக்கிட்டார். என் பையன் கூச்சத்துல கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்னுட்டான்.

கடல் எங்கயோ இருக்கு, எங்களுக்கென்னன்னு எங்க பக்கம் யாரும் நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல மீனவர்கள் படகை லாரியில ஏத்திட்டு வந்து சென்னைத் தெருவுக்குள்ள ஆளுங்களை மீட்டாங்க. அடையாறுல ஓடின தண்ணியில எங்க பக்கத்து ஏரித் தண்ணியும் சேர்த்தி. இந்தியாவுல வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல பேர் மூழ்கிச் சாகுறாங்க. கடலைவிட ஏரி, கிணறு, குவாரி, வாய்க்கால்தான் நம்ம பக்கம் கண்ணெதிர்ல இருக்கு. அங்க கலங்கரை விளக்கமும் இல்ல, கட்டுமரக்காரரும் இல்ல. கூடப் போன ஃபிரண்டுதான் எல்லாம்.

அதனால அந்த ஃபிரண்டுக்கு:

நீச்சல் தெரியாம பின்னாடியே குதிக்காதீங்க. ஒரு சாவு ரெண்டாகும், மூணாகும், நான் பாத்திருக்கேன். வேட்டி, துப்பட்டா, கயிறு, நீளக் கம்பு, எது கிடைக்குதோ நீட்டுங்க. மூடி இறுக்கின காலித் தண்ணி கேன் மிதக்கும், அதைத் தூக்கிப் போடுங்க. ரூம்ல இருந்து குடிதண்ணி கேன் எடுத்துட்டுப் போற பசங்கதானே நீங்க, காலியானதைக் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கங்க. குடிச்சிருந்தா இறங்கவே வேண்டாம்.

கரைக்கு வந்ததும் மல்லாக்கப் படுக்க வைங்க. ஒருத்தர் 108க்கு அடிங்க, கடல்னா கடலோரக் காவல்படை 1554. கூப்பிட்டா பேசலை, மூச்சு இல்லைன்னா, தலையைப் பின்னாடி சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வெச்சு ஊதுங்க. நெஞ்சு ஏறணும். முதல்ல ரெண்டு மூச்சு, சில நாட்டு வழிகாட்டல்ல அஞ்சு. ரெண்டோ அஞ்சோ, முங்கினவனுக்கு மூச்சுலதான் ஆரம்பம். மாரடைப்புக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினாலே போதும்னு நீங்க படிச்சிருக்கலாம், இங்க அது பத்தாது. அப்புறம் நடு நெஞ்சுல உள்ளங்கை வெச்சு அஞ்சு சென்டிமீட்டர் இறங்குற மாதிரி, வேகமா, 30 தடவை. மறுபடி ரெண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், இல்ல அவன் மூச்சு விடுற வரைக்கும். தானா வாந்தி வந்தா ஒருக்களிச்சுத் திருப்பி விட்டுத் துடைச்சுட்டுத் தொடருங்க. வயித்தைத் தொடாதீங்க.

பிழைச்சு எழுந்து "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரலாம். போலீஸ் இன்டிமேஷன் நாங்க அனுப்புவோம், அது வழக்கமான பேப்பர் வேலை. அதுக்குப் பயந்து அஞ்சு நிமிஷம் சண்டை போடாதீங்க.

போன மாசம் ஒரு ஹாஸ்டல்ல, ஷிஃப்ட் மாறுற நேரத்துல, சாப்பாட்டு ஹால்ல ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தோம். நானும் ரெண்டு ஸ்டாஃப் நர்ஸும், ஒரு பழைய ட்ரெயினிங் பொம்மையும். எழுபது பேர் வந்தாங்க. கடைசி வரிசையில அந்த நாலாவது பையன் நின்னுட்டு இருந்தான். நான் கூப்பிடல, அவனாவே முன்னாடி வந்து முட்டி போட்டான். தலையைச் சாய்ச்சான், ஊதினான், பொம்மை நெஞ்சு ஏறுதான்னு திரும்பிப் பாத்தான். ஏறுச்சு. அப்புறம் ஒடியாவுல எண்ண ஆரம்பிச்சான், சத்தமா, முப்பது வரைக்கும். போதும்ப்பான்னு சொன்னேன். கேக்கல. அஞ்சு ரவுண்டு முடிச்சுட்டுத்தான் எழுந்தான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் ஹாஸ்டல், கம்பெனி, காலேஜ் எங்க வேணும்னாலும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க, வர்றோம். காசு வேண்டாம், ஒரு ஹாலும் ஒரு பாயும் போதும். ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்காதீங்க, அன்னிக்கு எனக்கு ட்யூட்டி.